பிழை எனப்பட்ட ஒரு வினை: 'பாஸ் அவுட்' கடந்து வந்த பாதை

ஹைதராபாத்தின் அமீர்ப்பேட்டையில், மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கணினிப் பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தட்டிகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு தொங்குகின்றன. வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் தவறாது இடம்பெறும் ஒரு சொல் உண்டு: 'பாஸ் அவுட்'. எந்த ஆண்டு 'பாஸ் அவுட்' என்பதே விண்ணப்பதாரரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி. அதே தெருக்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளும் நடைபெறுகின்றன. அங்கே கற்பிக்கப்படுவது இதற்கு நேர்மாறானது. 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுதல் என்று பொருள். பட்டம் பெற்றதைக் குறிக்க அதைப் பயன்படுத்துவது 'இந்தியப் பிழை'. நேர்முகத் தேர்வில் சொல்லிவிட்டால் நகைப்புக்கு இடமாகும் என்று மாணவர்கள் எச்சரிக்கப்படுகின்றனர். ஒரு கதவில் எழுதப்பட்ட தகுதி அடுத்த கதவில் பிழையாகிறது.

இவ்விரண்டில் எது சரி என்னும் வினாவுக்கு முன்னே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. இவ்விரு பொருள்களில் எது மூத்தது? விடை பலருக்கு வியப்பளிக்கக் கூடும். பயிற்சி முடித்து வெளியேறுதல் என்னும் பொருளே மூத்தது. மயங்கி விழுதல் என்னும் பொருள் அதற்கு மிகவும் பிற்பட்டது.

முதலில் இச்சொல்லின் அமைப்பைக் காண்போம். ஒரு வினைச்சொல்லோடு 'அவுட்', 'அப்', 'ஆஃப்' போன்ற சிறு இடைச்சொல் ஒன்று சேர்ந்து, இரண்டின் பொருளையும் கூட்டினால் கிடைக்காத புதுப்பொருளைத் தருவது ஆங்கிலத்தின் இயல்பு. அயலார்க்கு ஆங்கிலத்தில் மிகுந்த இடர்ப்பாடு தருவது இவ்வமைப்பே என்பதை 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் குறித்துள்ளார். இதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயரைப் பரவச் செய்தது லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூல். தமிழில் இதனைத் 'தொடர்வினை' எனலாம்.

இவ்வமைப்பு தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. 'விடு' என்னும் வினைக்குத் தனிநிலையில் நீங்குதல், விலகுதல் என்று பொருள். அதுவே 'முடித்துவிட்டான்', 'தூங்கிவிட்டான்' என்று துணைவினையாக நிற்கும்போது நீங்குதற்பொருள் மங்கி, செயல் முற்றுப்பெற்றதை உணர்த்துகிறது. ஆங்கிலத்தின் 'அவுட்' சென்ற வழியும் ஏறத்தாழ இதுவே. வெளியே என்னும் இடப்பொருளிலிருந்து முற்றுதல், தீர்தல் என்னும் பொருளுக்கு அது நகர்ந்தது. ஒரு விளக்கு 'பர்ன் அவுட்' ஆகும்போது எதுவும் எங்கும் வெளியேறுவதில்லை; எரிதல் தீர்ந்துபோகிறது, அவ்வளவே. 'பாஸ் அவுட்' என்னும் தொடரின் சிறப்பு, வெளியேறுதல், முற்றுதல் ஆகிய இரு பொருள்களும் அதில் ஒருங்கே குடியிருப்பது.

அவை எங்கே ஒன்றுகூடின என்பதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்விச்சாலைகளை நோக்க வேண்டும். இந்தியாவுக்கு அனுப்பத்தக்க படை அலுவலரை உருவாக்கக் கம்பெனி 1809இல் லண்டனுக்கு அருகே அடிஸ்கோம்பில் ஒரு படைக்கல்லூரியை நிறுவியது. குடிமைப் பணியாளருக்கென ஹெய்லிபரிக் கல்லூரி 1806இலேயே தொடங்கியிருந்தது. அடிஸ்கோம்பில் பயிற்சியின் முடிவில் பொதுத்தேர்வு ஒன்று நடைபெறும். அதில் தலைசிறந்தோர் பொறியாளர் படைக்கும், அடுத்தோர் பீரங்கிப் படைக்கும், ஏனையோர் காலாட்படைக்கும் ஒதுக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஆகவே தேர்வில் தேறுதலும் வாயிலைக் கடந்து வெளியேறுதலும் அங்கே ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆங்கிலேயப் படைத்தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில், இன்னார் அடிஸ்கோம்பிலிருந்தோ வுல்விச்சிலிருந்தோ 'பாஸ் அவுட்' ஆனார் என்னும் தொடர் இயல்பாகப் பயில்கிறது.

தென்னாட்டவர்க்கு அறிமுகமான ஒரு பெயரை இங்கே நினைவுகூரலாம். 1830களில் கொள்ளிடத்தின் குறுக்கேயும், 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரியின் குறுக்கேயும் அணை கட்டிய ஆர்தர் காட்டன், அடிஸ்கோம்பில் பயின்று 1819இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். இன்று கோதாவரிக் கரையிலிருந்து பொறியியல் படித்து அமீர்ப்பேட்டைக்கு வரும் இளைஞர் தம்மைப் பற்றிச் சொல்லும் வினையும், அக்கரைக்கு நீர் கொணர்ந்த பொறியாளரின் கல்லூரி வழங்கிய வினையும் ஒன்றே. அது காட்டனின் காலத்தவர்க்கு நல்ல ஆங்கிலமாகவும் இவ்விளைஞர்க்குத் தீய ஆங்கிலமாகவும் ஆனது எவ்வாறு என்பதே ஆராயத்தக்கது.

1858இல் கம்பெனி ஆட்சி முடிவுற்றது. ஹெய்லிபரி அவ்வாண்டிலும், அடிஸ்கோம்பு 1861இலும் மூடப்பட்டன. சொல் மட்டும் படைக்கல்லூரிகளில் நிலைத்தது. சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி முடித்தோர் அணிவகுப்பின் இறுதியில் பழைய கல்லூரிக் கட்டடத்தின் படிகளில் ஏறி வாயிலுக்குள் செல்வர். அவர்களைப் பின்தொடர்ந்து அதிகாரி ஒருவர் குதிரை மீதமர்ந்தவாறே படியேறுவது அங்கே மரபு. இந்தியருக்கு அத்தகைய பயிற்சி இந்திய மண்ணிலேயே கிடைக்க வேண்டும் என்னும் கோரிக்கையின் விளைவாக 1932 அக்டோபர் 1ஆம் நாள் டேராடூனில் இந்திய ராணுவ அகாதமி 40 மாணவர்களுடன் தொடங்கியது. பின்னாளில் ஃபீல்டு மார்ஷலாக உயர்ந்த சாம் மானெக்ஷா அந்த முதல் அணியைச் சேர்ந்தவர். அங்கும் 'பாசிங் அவுட்' அணிவகுப்பின் முடிவில் மாணவர் செட்வுட் கட்டடத்தின் படிகளை ஏறிக் கடப்பர். 'அந்திம் பக்', அதாவது இறுதி அடி, என்று அதற்குப் பெயர். கடத்தல் என்னும் சொற்பொருள் அங்கே உடலால் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

ஹைதராபாத் இம்மரபுக்கு அயலூர் அன்று. 1948இல் மவுண்ட் அபுவில் தோன்றிய காவற்பணி அலுவலர் பயிற்சி நிறுவனம், 1974இல் சர்தார் வல்லபாய் படேல் பெயரைப் பெற்று, 1975இல் ஹைதராபாத்தின் சிவராம்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. இந்தியக் காவற்பணியின் ஒவ்வோர் அணியும் அங்கே 'பாசிங் அவுட்' அணிவகுப்பு நடத்தியே வெளியேறுகிறது. அதன் இந்திப் பெயர் 'தீட்சாந்த் பரேட்'. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு இந்தியில் வழங்கும் சொல்லும் 'தீட்சாந்த்' என்பதே. நகரின் வடபுறத்தே துண்டிகல்லில் உள்ள வான்படை அகாதமியோ தன் நிறைவு அணிவகுப்பை இன்று 'கம்பைண்டு கிராஜுவேஷன் பரேட்' என்று அழைக்கிறது. ஒரே நகரின் இரு சீருடை நிறுவனங்களில், ஒன்று பழைய படைச்சொல்லுக்கு இணையாகப் பட்டமளிப்பின் சொல்லை வைத்திருக்கிறது; மற்றொன்று பட்டமளிப்பின் சொல்லையே எடுத்துக்கொண்டது. 'பாஸ் அவுட்' என்பதற்கும் பட்டம் பெறுதலுக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அணிவகுப்புத் திடலிலிருந்து கல்லூரி வளாகத்துக்கு இச்சொல் வந்தது எப்படி? 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சாயலில் அமைந்தவை. தொடக்க காலத்தில் அவற்றின் முதன்மைப் பணி தேர்வு நடத்துதல். கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் பொறுப்பு. அச்சூழலில் 'பாஸ்' என்னும் சொல் சமூகத் தகுதியின் அலகாயிற்று. 'பி.ஏ. பாஸ்' என்பது பெயருக்குப் பின் எழுதப்பட்டது, 'பி.ஏ. ஃபெயில்' என்பதுகூட ஒரு தகுதியாகவே எழுதப்பட்டது. தமிழும் 'பாஸ் பண்ணினான்', 'பாஸானாள்' என அச்சொல்லை ஏற்றுத் தன் வினைவடிவம் தந்தது. தேர்வைக் குறிக்கும் 'பாஸ்' ஏற்கெனவே வேரூன்றிய நிலத்தில், நிறுவனத்திலிருந்து வெளியேறுதலைக் குறிக்கும் 'பாஸ் அவுட்' எளிதில் கிளைவிட்டது எனக் கருத இடமுண்டு. படைக்கல்லூரிக்கு உரிய பொருள் விரிவடைந்து எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாயிற்று. சொற்பொருளியலில் இது மிகச் சாதாரணமான மாற்றம். பொருள் விரிதல் என்பர்.

ஹைதராபாத்தில் இவ்விரிவுக்கு வேறொரு துணையும் இருந்தது. 1918இல் தொடங்கிய உஸ்மானியப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கென 1917இலேயே மொழிபெயர்ப்புத் துறை ஒன்று நிறுவப்பட்டு அறிவியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு உருதுக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. கல்வியை முடித்தவரை உருது 'ஃபாரிகுத் தஹ்சீல்' என்னும். 'ஃபாரிக்' என்றால் கடமையிலிருந்து விடுபட்டவர். 'தஹ்சீல்' என்றால் ஈட்டுதல், இங்கே கல்வியை ஈட்டுதல். கற்றலை முடித்து விடுபட்டவர் என்பது தொடரின் பொருள். 1948க்குப் பின் அப்பல்கலைக்கழகம் ஆங்கிலப் பயிற்றுமொழிக்கு மாறியது. முடித்தலையும் விடுபடுதலையும் ஒரே தொடரில் சொல்லிப் பழகிய நகரத்தார்க்கு, அவ்விரண்டையும் ஒருங்கே சுமந்த 'பாஸ் அவுட்' இயல்பாகப் பொருந்தியிருக்கும். 'கிராஜுவேட்' என்னும் சொல்லில் வெளியேறுதல் இல்லை. அதன் வேர் படி, படிநிலை என்பதையே குறிக்கும்.

இனி, மயக்கத்தின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'பாஸ் அவுட்' இறத்தல் என்னும் பொருளில் பேச்சுவழக்கில் தோன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அது தணிந்து, குடிமயக்கத்தில் உணர்விழத்தல் என்றும் பொதுவாக மயங்கிவிழுதல் என்றும் ஆயிற்று. இறப்பைக் குறித்த சொல் மயக்கத்தைக் குறிப்பதாக இளகியது. பின்னர் திரைப்படமும் வெகுசனப் புனைவும் அதனை உலகெங்கும் கொண்டு சென்றன. காட்டன் கப்பலேறிய நாளில் இப்பொருள் பிறந்திருக்கவே இல்லை.

பழம்பொருள் இந்தியாவில் மட்டும் எஞ்சியிருப்பதாகவும் கொள்ளலாகாது. நைஜீரியாவில் 1973இல் தொடங்கிய தேசிய இளையோர் சேவையில் பட்டதாரிகள் ஓராண்டுப் பணியை முடிக்கும் நாள் 'பாசிங் அவுட்' நாளே. சிங்கப்பூரில் 1967 முதல் நடைமுறையிலிருக்கும் கட்டாயத் தேசிய சேவையில் அடிப்படைப் பயிற்சியின் நிறைவு 'பி.ஓ.பி.' என்று வழங்குகிறது, மகன் 'பி.ஓ.பி.' முடிக்கும் நாளில் திடலுக்குச் சென்று நிற்கும் தமிழ்ப் பெற்றோர்க்கு அச்சுருக்கத்தை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் படைமரபு சென்ற இடமெல்லாம் இச்சொல் சென்றிருக்கிறது. பிரிட்டனிலும் அது மறையவில்லை. ஆங்கிலம் பயில்வோருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி மயக்கப் பொருளை முதலில் தந்து, படைக்கல்லூரியில் பயிற்சி முடித்து வெளியேறுதல் என்பதைப் பிரிட்டிஷ் வழக்கெனக் குறித்து அடுத்துத் தருகிறது. இந்தியர் செய்தது படைக்கல்லூரி என்னும் கட்டுப்பாட்டை நீக்கியது மட்டுமே.

அவ்வாறாயின் இது பிழைப்பட்டியலில் ஏறியது எப்படி? இந்திய ஆங்கிலத்தின் பிழைகளைத் தொகுப்பது பழைய தொழில். பம்பாய் மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஜார்ஜ் கிளிஃபோர்டு விட்வொர்த் 1907இல் இந்தியர் எழுத்திலுள்ள வழக்குப் பிழைகளை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். இத்தகைய நூல்களில் அளவுகோல் ஒன்றே: படித்த ஆங்கிலேயர் அவ்வாறு சொல்வாரா என்பது. ஆங்கிலேயர் எவ்வாறு சொல்லிவந்தனர் என்பதும், இந்தியர் அதனை யாரிடம் கற்றனர் என்பதும் அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. அளவுகோலும் நிலையாக இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் அது லண்டனிலிருந்து மெல்ல அமெரிக்காவை நோக்கி நகர்ந்தபோது, அமெரிக்காவில் வழங்காத படைக்கல்லூரிப் பொருள் பார்வையிலிருந்து மறைந்தது. மயக்கப் பொருளே ஒரே பொருள் என்னும் தோற்றம் உண்டாயிற்று.

இந்தியர் பேசும் ஆங்கிலத்தை வேறு வகையில் அளக்கும் முயற்சியும் ஹைதராபாத்திலேயே நிகழ்ந்தது என்பது குறிக்கத்தக்கது. ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1958இல் இந்நகரில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. கன்னட எழுத்தாளர் வி. கி. கோகாக் அதன் தொடக்ககால இயக்குநர். 1972இல் அது அயல்மொழிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. 2007இல் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆயிற்று. அந்நிறுவனம் 1969இல் வெளியிட்ட ஆர். கே. பன்சாலின் ஆய்வு, இந்தியரின் ஆங்கிலப் பேச்சைப் பல நாட்டவரைக் கேட்கச் செய்து, எவ்வளவு விளங்குகிறது என்று அளந்தது. ஆங்கிலேயரைப் போல இருக்கிறதா என்னும் வினாவின் இடத்தில், கேட்பவர்க்கு விளங்குகிறதா என்னும் வினாவை அது வைத்தது. 1979இல் பாரு நிஹலானி, ஆர். கே. டங், பிரியா ஹோசாலி ஆகியோரின் கையேடு இந்திய வழக்கையும் பிரிட்டிஷ் வழக்கையும் அருகருகே வைத்துக் காட்டியது. 1990இல் ராண்டால்ஃப் குவர்க் பொதுத்தர ஆங்கிலத்தையே கற்பிக்க வேண்டும் என்று வாதிட, அடுத்த ஆண்டு பிரஜ் கச்ரு அதனை மறுத்து எழுதினார். அவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

பன்சாலின் வினாவை 'பாஸ் அவுட்' மீது வைத்துப் பார்க்கலாம். மயக்கப் பொருளில் வரும்போது இவ்வினை பெரும்பாலும் தனித்தே நிற்கும்; வந்தால் வெயிலாலோ வலியாலோ என்னும் காரணம் உடன்வரும். கல்விப் பொருளில் வரும்போது கல்லூரியின் பெயரோ ஆண்டோ உடன்வரும். 'உஸ்மானியாவிலிருந்து 2019இல் பாஸ் அவுட்' என்பதைக் கேட்டு எவரும் மயக்கமருந்து தேடுவதில்லை. மேலும் இந்திய வழக்கில் இது பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது. '2024 பாஸ் அவுட்' என்னும்போது அது ஓர் ஆளைக் குறிக்கிறது. மயக்கப் பொருளுக்கு அவ்வாறு ஆளைக் குறிக்கும் வழக்கு இல்லை. இலக்கணச் சூழலே இரு பொருள்களையும் பிரித்து வைத்துள்ளது.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'தேறினான்' என்றால் தேர்வில் வென்றான். நோயிலிருந்து மீண்டான் என்றும் பொருள். ஆங்கிலத்தில் தேறுதலுக்கும் மயங்குதலுக்கும் ஒரே தொடர். தமிழில் தேறுதலுக்கும் மயக்கம் தெளிதலுக்கும் ஒரே சொல். 'பரீட்சையில் தேறினாள்' என்பதைக் கேட்டு அவளுக்கு என்ன நோய் என்று வினவும் தமிழர் எவரும் இலர். பல பொருள் ஒரு சொல் என்பது மொழியின் நோயன்று, அதன் நடைமுறை.

இவ்வாதத்துக்கு எல்லையும் உண்டு. இந்திய ஆங்கிலத்தில் பிழையெனப்படுவன யாவும் பழைய பிரிட்டிஷ் வழக்கின் எச்சங்கள் என்று கூறிவிட முடியாது. 'கோப் அப் வித்' என்பது 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்' ஆகியவற்றின் ஒப்புமையால் எழுந்தது; அதற்குப் பழைய கல்லூரி எதுவும் பிறப்பிடமன்று. 'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் 'டாக் அபவுட்' என்பதன் சாயல். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவற்றை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டி 'இந்தியப் பிழைகள்' என்று எழுதுவதும் தவறு. ஒரே மூட்டையில் கட்டி 'எங்கள் ஆங்கிலம்' என்று கொண்டாடுவதும் ஆய்வாகாது.

வகுப்பறையில் இதனால் விளையும் பயன் என்ன? வெளிநாட்டாரோடு பேசப்போகும் மாணவர், இச்சொல்லைத் தனியே கேட்டால் பலர்க்கு மயக்கமே நினைவுக்கு வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அது பயனுள்ள செய்தி, மறைக்கத்தக்கதன்று. ஆயினும் 'இது தவறு' என்று சொல்லி நிறுத்துவதற்கும், 'இதற்கு இரு பொருள்; உன் பொருள் மூத்தது; கேட்பவர் யார் என்பதைப் பார்த்துப் பேசு' என்று சொல்வதற்கும் வேறுபாடு பெரிது. முதற்கூற்று, தெலுங்கோ உருதுவோ தமிழோ வழியாகப் பயின்று வந்து தன் முதல் வேலைக்காக நிற்கும் மாணவரை வாய்திறக்க அஞ்சச் செய்கிறது. இரண்டாவது அவர் கையில் ஒரு கருவியைத் தருகிறது. வீட்டில் தாய்மொழியும் கல்லூரியில் ஆங்கிலமுமாக வளர்ந்த ஒருவர்க்கு, இரு வழக்குகளிடையே இடமறிந்து மாறுவது புதிய திறனும் அன்று.

நேர்முகத் தேர்வு அறையில் மேசையின் ஒருபுறம் இருப்பவர் புன்னகைக்கிறார். மறுபுறம் இருப்பவர் தலைகுனிகிறார். அப்புன்னகைக்குப் பின்னால் இருப்பதாக நம்பப்படும் மொழியறிவு 100 ஆண்டு பழமையது. தலைகுனியச் செய்த சொல்லோ அதனினும் பழமையது. ஆங்கிலேயரே உருவாக்கிக் கப்பலேற்றி அனுப்பியது. சிவராம்பள்ளித் திடலில் அடுத்த அணி நிமிர்ந்து நடந்து வெளியேறும்போது, அந்நிகழ்வுக்கு அதே சொல்லே சூட்டப்படும். அங்கே எவரும் நகைப்பதில்லை.